‘எல்லாம் வளர்ப்பு’: ஆட்டிசக் குழந்தையும் கோலாலம்பூரின் பொது இடங்களும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நடந்து பழகியவர்களுக்கு அங்கே நடைபாதையில் பதித்திருக்கும் மேடுதட்டிய மஞ்சள் ஓடுகள் தெரிந்திருக்கும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அந்த வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக இயங்கி வருவதால், வெள்ளைக் கோலைத் தட்டித் தட்டிச் சாலையைக் கடப்பவர்கள் அங்கே அன்றாடக் காட்சி. பூக்கட்டிக்கொண்டிருப்பவர் கைவேலையை விட்டு எழுந்துவந்து முழங்கையைக் கொடுப்பார். மோட்டார் சைக்கிளில் வருபவர் நிறுத்திக் காத்திருப்பார். இதற்கென்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அதே வட்டாரத்தில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஏழு வயதுப் பையன் ஒருவன் காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்து அலறியபோது, சுற்றியிருந்தவர்களின் பார்வை வேறாக இருந்தது. அந்தப் பையன் என் மகன். சமையற்கட்டில் எவர்சில்வர் தட்டுகள் மொத்தமாகச் சரிந்து விழுந்து ஒரு நிமிடம் ஆகியிருந்தது. மற்ற எல்லாரும் அந்தச் சத்தத்தை மறந்துவிட்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர் தம் மனைவியிடம், எனக்குக் கேட்கும்படியே, "எல்லாம் வளர்ப்பு" என்றார்.

அது நடந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பெரியவரைக் கல்நெஞ்சர் என்று நான் நினைக்கவில்லை. வெள்ளைக் கோலோடு ஒருவர் உள்ளே வந்திருந்தால் அவரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முகத்திலோ நடையிலோ பெரும்பாலும் எந்த அடையாளமும் இருப்பதில்லை. வயதுக்கேற்ற உயரமும் களையான முகமும் கொண்ட பிள்ளை ஒன்று கடையில் உருண்டு புரளும்போது, பார்க்கிறவர் மனம் அதற்கொரு காரணத்தைத் தேடுகிறது. தேடியவுடன் கைக்கெட்டும் தூரத்தில் தாய் நிற்கிறாள். பிள்ளை பெரியவர்களைக் கண்டு வணங்கினால் "நல்ல வளர்ப்பு" என்று பெற்றோரைப் பாராட்டும் பழக்கம் நம்முடையது. பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டவர்கள் பழியையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கணக்கின் மறுபக்கம்.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. அதன் வேர் பிள்ளை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மரபணுக்களின் பங்கு அதில் பெரிது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு இது இருந்தது. அந்தக் கணக்கை அப்படியே பொருத்திப் பார்த்தால், ஆயிரம் பேர் கூடும் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் இருக்க வேண்டும். அத்தனை பேர் நம் கண்ணில் படுவதில்லை என்றால் அதற்கு இரண்டு காரணங்கள்: சிலர் அடையாளம் தெரியாமல் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், சிலர் வீட்டிலேயே விடப்பட்டிருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் முதல் வகையில் அதிகம். அவர்கள் பிறரைப் பார்த்து அதேபோல் நடந்துகொள்ளக் கற்றுக்கொண்டு விடுவதால், "கூச்ச சுபாவம்" என்ற பெயரிலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிடுவதும் உண்டு.

பொது இடத்தில் நிகழ்வது என்ன என்பதற்கு வருவோம். நம் காதுக்கு வரும் சத்தங்களில் வேண்டாதவற்றை மூளை நம்மைக் கேட்காமலேயே ஒதுக்கி வைக்கிறது. மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவுக் கடையில், உட்கார்ந்து பேசுகிறோம் என்றால், மின்விசிறியின் இரைச்சலும், தொலைக்காட்சியில் ஓடும் காற்பந்தாட்டமும், ரொட்டிக்கல்லில் கரண்டி தட்டும் ஓசையும் பின்னணிக்குப் போய்விடுகின்றன. எதிரில் இருப்பவரின் குரல் மட்டும் முன்னால் நிற்கிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்த வடிகட்டல் நடப்பதில்லை. எல்லாம் ஒரே சத்த அளவில், ஒரே நேரத்தில் உள்ளே வருகின்றன. சட்டைக் கழுத்துப்பட்டியில் தைத்த துணிச்சீட்டு முள்ளாகக் குத்துகிறது. குழல் விளக்கின் மினுக்கம் கண்ணைக் கூசுகிறது. நேர்மாறாக, அடிபட்டு ரத்தம் வந்தாலும் உணராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெற்றோர்களுக்கு இதெல்லாம் எப்போதோ தெரியும். மருத்துவக் கையேட்டுக்குத்தான் நாளாயிற்று: அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பில்தான் இந்தப் புலனுணர்வு வேறுபாடு ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களுக்குள் வந்தது.

இப்படி உள்ளே வந்து நிரம்பியது கரை உடைக்கும்போது நடப்பதைப் பார்ப்பவர்கள் ‘அடம்’ என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அடம் பிடிக்கும் பிள்ளை அழுதுகொண்டே ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்க்கும். அம்மா நகர்ந்தால் அழுகையும் நகர்ந்து வரும். கேட்டது கையில் கிடைத்த மாத்திரத்தில் நின்றுவிடும். நிலைகுலைந்த பிள்ளை யாரையும் பார்ப்பதில்லை. அதற்கு எதுவும் தேவையில்லை, எதைக் கொடுத்தாலும் நிற்காது. உடம்பு ஓய்ந்த பிறகு தானாக அடங்கும், அடங்கிய பின் பல நேரம் தூங்கிப் போகும். அடத்துக்குக் கண்டிப்பு பலன் தரலாம். நிலைகுலைவின் நடுவே கண்டிப்பது, வெள்ளத்தில் தத்தளிப்பவனுக்குக் கரையில் நின்று நீச்சல் சொல்லிக் கொடுப்பதைப் போன்றது.

என் மகனுக்கு எல்ஆர்டி எனப்படும் நகர ரயில் வண்டிகள் மேல் தீராத காதல். கெலானா ஜெயா தடத்தின் நிலையங்கள் அத்தனையும் வரிசையாகவும் தலைகீழாகவும் அவனுக்குத் தெரியும். ஒலிபெருக்கியில் வரும் பெண்குரலின் ஏற்ற இறக்கத்தோடு "ஸ்டேசென் பெரிகுத்ஞா, மஸ்ஜித் ஜாமெக்" என்று சொல்லுவான். ‘அடுத்த நிலையம், மஸ்ஜித் ஜாமெக்’ என்பதற்கான மலாய் அது. ஒரு மாலை, வேலை விட்டுத் திரும்பும் கூட்டத்துக்கு நடுவே, வண்டி சுரங்கப் பாதையில் நின்றுவிட்டது. அறிவிப்பு எதுவும் வரவில்லை. சிறிது நேரத்தில் அவன் "ஸ்டேசென் பெரிகுத்ஞா" என்று ஆரம்பித்தான், நிறுத்தவில்லை, குரல் ஒவ்வொரு முறையும் உயர்ந்தது. ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டே கைபேசியைத் தூக்கிப் பிடித்தான். என் அம்மா வயதில் இருந்த ஒருவர், "என்னம்மா இது, ரெண்டு அறை விட்டா அடங்கிடுவான்" என்று தமிழிலேயே அறிவுரை சொன்னார். கேட்ட சொற்களை அப்படியே திருப்பிச் சொல்வது ஆட்டிசத்தில் பரவலாகக் காணப்படும் ஒன்று. முன்பெல்லாம் அதைப் பொருளற்ற பழக்கம் என்று கருதி நிறுத்தப் பார்த்தார்கள். அதற்குள் கேள்வியும் வேண்டுகோளும் தன்னைத் தானே தேற்றிக்கொள்வதும் இருக்கின்றன என்பதை இப்போது பேச்சுச் சிகிச்சையாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அன்று வண்டி சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நின்றது; அதனால் அவனே சொல்லிப் பார்த்தான். அந்தப் பெட்டியில் பயந்தவன் அவன் ஒருவனாக மட்டும் இருந்திருக்க மாட்டான். பயத்தைச் சத்தமாகச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

‘வளர்ப்பு’ என்ற குற்றச்சாட்டு நம் பாட்டிமார்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். மருத்துவ உலகமே ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் அதைக் கட்டிக் காத்தது. 1943இல் பால்டிமோர் நகர மருத்துவர் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக உலகுக்கு எடுத்துக் காட்டியது. இது பிறவியிலேயே வருவது என்று அதில் எழுதிய அவரே, இந்தப் பெற்றோர்களிடம் கனிவு குறைவாக இருப்பதாகவும் குறித்து வைத்தார். பின்னால் வந்தவர்கள் முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். பாசம் காட்டாத தாயின் குளிர்ச்சியால் குழந்தை தனக்குள் சுருங்கிக்கொள்கிறது என்ற கோட்பாடு பிறந்தது; அப்படிப்பட்ட தாய்க்குக் ‘குளிர்பதனப் பெட்டித் தாய்’ என்ற பட்டமும் கிடைத்தது. சிகாகோவில் சிறுவர் இல்லம் நடத்திய புருனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, தாமே ஓர் ஆட்டிசப் பிள்ளையின் தகப்பனான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட், காரணம் உடலியல் சார்ந்தது என்று வாதிட்டு எழுதியிருந்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவாக உருவான 10 இணைகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. இரு வகை இணைகளும் ஒரே வீட்டில், ஒரே தாயிடம் வளர்ந்தவைதான். வளர்ப்புதான் காரணம் என்றால் இந்த வேறுபாட்டுக்கு விளக்கமே இல்லை.

இந்த வரலாற்றைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒருங்கே வந்தன. அந்தக் காலத்து அமெரிக்காவில், பாசம் போதவில்லை என்று தாய்மேல் குற்றம். நாங்கள் புழங்கும் கோலாலம்பூர்ச் செந்தூலில், "செல்லம் குடுத்தே கெடுத்துட்டா" என்று, பாசம் கூடிப்போனதற்காகத் தாய்மேல் குற்றம். கோட்பாடு தலைகீழாகக் கவிழ்ந்தாலும் குற்றவாளிக் கூண்டில் ஏறுபவள் மாறுவதில்லை. தடுப்பூசிக் கதையும் இதே வழியில் வந்ததுதான். ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்பவர் 1998இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, தட்டம்மை, தாளம்மை, ரூபெல்லா ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டது. பிறகு பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகள் எதிலும் அந்தத் தொடர்பு தென்படவில்லை. 2010இல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. ஆனாலும் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் அந்தச் செய்தி ஆண்டுக்கொரு முறை புதிதாகப் பிறந்து வருகிறது. "நீ ஏன் ஊசி போடச் சம்மதிச்சே" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. இப்போது அந்த வரிசையில் கைபேசி சேர்ந்திருக்கிறது. சின்னப் பிள்ளையிடம் மணிக்கணக்கில் கைபேசியைக் கொடுப்பது நல்லதன்று என்பது வேறு. அதுதான் ஆட்டிசத்தை உண்டாக்கிற்று என்பது வேறு.

நம் மொழியும் இதில் கொஞ்சம் வழிதவற விடுகிறது. ‘ஆட்டிசம்’ என்ற சொல்லின் வேர், ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அதற்கு இணையாக மதியிறுக்கம், தன்னுள் ஆழ்தல் என்றெல்லாம் தமிழில் ஆக்கியிருக்கிறார்கள். இதழ்களில் அதிகம் புழங்குவது ‘மன இறுக்கம்’. அதே இதழ்கள் அடுத்த பக்கத்தில் அலுவலக வேலைப் பளுவால் வரும் உளைச்சலுக்கும் ‘மன இறுக்கம்’ என்றே எழுதுகின்றன. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மிகுந்த அக்கறையோடு, "இந்த வயசுல பிள்ளைக்கு எப்படிம்மா மன இறுக்கம் வரும்? வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று என்னைக் கேட்டார். அவர் தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார். சொல்தான் அவரைக் கைவிட்டது. அதனால் நான் ஆட்டிசம் என்றே சொல்லிவிடுகிறேன். பேச்சு வழக்கில் "சுகமில்லாத பிள்ளை", "ஒரு மாதிரி" என்ற சொற்கள் இருக்கின்றன. மலாய்க்காரர்களிடமிருந்து வாங்கிய "இஸ்திமேவா" இருக்கிறது. சிறப்பு வாய்ந்த பிள்ளை என்பது அதன் பொருள். அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது, ஆனால் விளக்கம் இல்லை. சிறப்பு என்றதும், கணக்கில் மேதையாக இருப்பான் போலும் என்று இருபது பெருக்கல்களைக் கேட்கும் மாமாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

கண்டறிவதற்கு வருவோம். அரசாங்கச் சுகாதார நிலையங்களில் பிள்ளைக்கு ஒன்றரை வயதாகும்போது எம்-சாட் என்ற கேள்வித்தாளைப் பெற்றோரிடம் கொடுக்கிறார்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, விரலை நீட்டிக் காட்டுகிறதா என்பன போன்ற கேள்விகள் அதில் இருக்கும். இந்த விரல் நீட்டும் கேள்வி சாதாரணமாகத் தோன்றினாலும் அதன் முக்கியத்துவம் பெரிது. நிலாவைக் காட்டிச் சோறூட்டும் பழக்கம் நமக்கு உண்டு. தாய் விரலை நீட்டினால் பிள்ளை அந்த விரல் போகும் திசையில் நிலாவைப் பார்க்கும்; பார்த்துவிட்டுத் திரும்பித் தாய் முகத்தைப் பார்க்கும். ‘நீ பார்ப்பதை நானும் பார்க்கிறேன்’ என்ற அந்த ஒரு கணத்தில்தான் மொழி தொடங்குகிறது. என் மகன் நிலாவைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தான். தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு கருவியை எடுத்துச் செல்வதைப் போல, குடுவையருகே கொண்டுபோய் வைப்பான். கேள்வித்தாளில் நான் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று குறித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். தாதி அவசரத்தில் இருந்தார். நான் அதைவிட அவசரத்தில் இருந்தேன்.

என் மாமனார், "இவன் அப்பாவும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்று ஆறுதல் சொன்னார். இந்த வாக்கியம் நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளின் இரண்டு ஆண்டுகளைத் தின்றிருக்கிறது என்று கணக்கெடுக்க வழியில்லை. வேடிக்கை என்னவென்றால், மரபணுக் கோணத்தில் பார்த்தால் அவர் சொன்னது மறுப்பாக இல்லை, ஒருவகையில் சான்றாகவே இருந்தது. பிறகு வேண்டுதல்கள். பத்துமலையில் மொட்டையடித்தால் பேச்சு வரும் என்றார்கள்; மூன்று வயதில் கொண்டுபோனோம். நான்கு பேர் கையையும் காலையும் அழுத்திப் பிடிக்க, கத்தி தலையில் இறங்கியது. நேர்த்திக்கடனில் எனக்கு நம்பிக்கை இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதன் பிறகு பல ஆண்டுகள் கத்தரிக்கோலைப் பார்த்தாலே அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான் என்பதையும், மருத்துவரிடம் போகும் நாளை அந்த நேர்த்திக்கடன் ஓராண்டு தள்ளிப்போட்டது என்பதையும் மறைக்க முடியாது.

மருத்துவரிடம் போன பிறகும் வழி சுருக்கமானதன்று. அரசாங்க மருத்துவமனையில் குழந்தை நல நிபுணரைப் பார்க்கவும், பேச்சுச் சிகிச்சைக்கும் செயல்முறைச் சிகிச்சைக்கும் தேதி கிடைக்கவும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தனியாரிடம் ஒரு மணி நேரத்துக்கு 100 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டும். 1980களில் பெற்றோர்களும் நிபுணர்களும் சேர்ந்து தொடங்கிய மலேசியத் தேசிய ஆட்டிசச் சங்கத்தின் மையங்கள் இருக்கின்றன. செந்தூலில் அரசாங்கத்தின் ஜீனியஸ் கூர்ணியா மையம் இருக்கிறது. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம். சமூக நல இலாகா மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் ஓகேயு அட்டையில் ஆட்டிசத்துக்குத் தனி வகை கிடையாது. ஏழு வகைகளில் ‘கற்றல் சிக்கல்’ என்பதன் கீழ் வருகிறது. நாலு வயதிலேயே சாலைப் பலகைகளை எல்லாம் படித்துவிட்ட பிள்ளையின் அட்டையிலும் அப்படித்தான் இருக்கும். அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ந்தால் மாதம் 150 வெள்ளி உதவித்தொகை என்று பயன்கள் உண்டு. ஆனாலும் பல தமிழ்க் குடும்பங்கள் அந்த அட்டையை எடுக்கத் தயங்குகின்றன. பெயர் பதிவாகிவிட்டால் நாளைக்கு அக்காளுக்கு வரன் பார்க்கும்போது தடங்கலாகுமே என்பது வெளியே சொல்லாத காரணங்களில் முதன்மையானது.

பள்ளிக்கூடம் என்று வரும்போது மொழிச் சிக்கல் தலைதூக்குகிறது. சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையை அரசாங்கம் 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சிறப்புக் கல்வி வகுப்புகள் சில தமிழ்ப்பள்ளிகளிலும் இருக்கின்றன, எல்லாவற்றிலும் இல்லை. வீட்டுக்கு அருகில் இல்லையென்றால் பிள்ளை தேசியப் பள்ளிக்குப் போகிறது. ஆக, பள்ளியில் மலாய், சிகிச்சையில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். "பிள்ளை குழம்பிவிடும், ஒரே மொழியில் பேசுங்கள்" என்ற அறிவுரையை எங்களுக்குச் சொல்லாதவர்கள் குறைவு. அந்த ஒரே மொழி ஒருபோதும் தமிழாக இருந்ததில்லை. இருமொழிச் சூழல் ஆட்டிசப் பிள்ளைகளின் பேச்சு வளர்ச்சியைப் பின்னுக்கு இழுப்பதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அது எங்களுக்குத் தெரிய வருவதற்குள் என் மகன் யூடியூபில் கற்ற அமெரிக்க உச்சரிப்போடு ஆங்கிலம் பேசத் தொடங்கிவிட்டான். தமிழும் கொஞ்சம் மலாயும் மட்டுமே தெரிந்த என் மாமியாருக்குப் பேரனோடு பேச வழியில்லாமல் போயிற்று. பிறர் முகத்தைப் படிப்பதே கடினமாக இருக்கும் ஒரு பிள்ளைக்கு, தன்னை அதிகம் நேசிக்கும் மனிதரின் மொழியையும் எடுத்துவிடுவது எப்படி உதவியாகும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆறு வயதுக்குப் பிறகு நாங்கள் மீண்டும் தமிழுக்குத் திரும்பினோம். இப்போது பாட்டியிடம் "தண்ணி குடு பாட்டி" என்கிறான். அந்த மூன்று சொற்களுக்காக அவர் மூட்டுவலியோடு மாடியிறங்கி வருகிறார்.

கோவிலும் கல்யாண வீடும் தனிக்கதை. தைப்பூசத்தன்று பத்துமலையிலோ பினாங்குத் தண்ணீர்மலையிலோ உறுமி மேளம் அதிரும் இடத்தில் நிற்க முடியாமல் ஓடும் பிள்ளைகள் உண்டு. அதே மேளத்தின் அருகில் போய், அதிர்வு நெஞ்சில் படும்படி நின்று, கண்மூடி ஆடும் பிள்ளைகளும் உண்டு. ஒரே பெயருள்ள நிலை இப்படி இரண்டு எதிர் முனைகளாக வெளிப்படுவதால்தான், ஒரு பிள்ளையைப் பார்த்தவர் அடுத்ததைப் பார்த்து "இவனுக்கு ஆட்டிசம் மாதிரித் தெரியலையே" என்கிறார். உறவினர்கள் அழைப்பிதழ் கொடுப்பதை நிறுத்துவதில்லை. நாங்கள்தான் போவதை நிறுத்திக்கொள்கிறோம். மண்டபத்து ஒலிபெருக்கியைவிட, "இப்போ பேசுறானா?" என்ற கேள்விக்கு இருபது பேரிடம் பதில் சொல்வது களைப்பாக இருக்கிறது. இப்படி நாங்கள் விலகுவதால் உறவினர் பிள்ளைகள் இவனைப் பார்த்துப் பழகாமலேயே வளர்கிறார்கள். நாளை அவர்கள் ஓர் எல்ஆர்டி பெட்டியில் இப்படியொரு பிள்ளையைப் பார்த்தால், கைபேசியைத் தூக்கிப் பிடிப்பவர்களாக இருப்பார்கள். புரியாமையை வளர்ப்பதில் எங்களுக்கும் இப்படியொரு பங்கு இருக்கிறது.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வரும்? 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது வசதிகளையும் போக்குவரத்தையும் பயன்படுத்தும் உரிமையை எழுதி வைத்திருக்கிறது. ஐக்கிய நாடுகளின் உரிமை உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்றது. மீறுபவருக்குத் தண்டனை என்ன என்பதைச் சட்டம் சொல்லவில்லை. சில பேரங்காடிகள் தாமாகவே முன்வந்திருக்கின்றன; ஜாலான் புத்ராவில் உள்ள சன்வே புத்ரா மால், விளக்குகளை மங்கலாக்கி இசையைக் குறைக்கும் ஆட்டிசத் தோழமை நாள்களை நடத்தியிருக்கிறது. இன்னொரு வழி, கழுத்தில் சூரியகாந்திப் பூப் போட்ட பட்டையை அணிவது. வெளியே தெரியாத குறைபாடுகளுக்கான அடையாளமாக 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய பழக்கம் அது. அதை என் மகனுக்கு மாட்டுவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. வெள்ளைக் கோல் முதலில் ஒரு கருவி. நடப்பவருக்கு வழிகாட்டிவிட்டு, போகிற போக்கில் பிறருக்கும் செய்தி சொல்கிறது. பட்டையால் அணிந்திருக்கும் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. அது முழுக்க முழுக்கப் பார்ப்பவருக்காக.

ஆனால் அவனுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. மீசை அரும்பும் காலம் தொலைவில் இல்லை. ஐந்து வயதில் கையை உதறிக்கொண்டு குதித்தபோது "விளையாட்டுப் பிள்ளை" என்று விட்டவர்கள், பதினேழு வயதில் அதே உதறலைக் கண்டால் போதைப்பொருளை நினைப்பார்கள். இந்த நகரத்தில் கருத்த நிறமுள்ள இந்திய இளைஞன் கூப்பிட்ட குரலுக்கு நிற்காமல், கண்ணைப் பார்க்காமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்தால் காவலாளி என்ன முடிவுக்கு வருவார் என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்த ஓர் எண்ணம் வரும் இரவுகளில் மட்டும், பட்டையை வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது.

பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்பவர்கள் உண்டு. மிகக் குறைவாகச் செய்தாலே போதும். கொஞ்சம் இடம் விட்டு நகர்வது, பிள்ளையைத் தொடாமல் இருப்பது, படம் பிடிக்காமல் இருப்பது, தாயிடம் "ஏதாச்சும் வேணுமாக்கா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, வேண்டாம் என்றால் அவரவர் வேலையைப் பார்ப்பது. சமையற்கட்டில் தட்டு விழுந்த அந்த நாளில், பரிமாறிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் எதுவுமே கேட்காமல் சுவரில் இருந்த தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டுப் போனார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர் போலப் பேச்சில் தெரிந்தது. ஆட்டிசம் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருப்பாரா என்பது சந்தேகம். காதைப் பொத்தியிருக்கிறான், அப்படியென்றால் சத்தம், என்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

செந்தூலில் நாங்கள் போகும் முடிதிருத்தும் நிலையம் மூன்று நாற்காலிகள் கொண்டது. முதல் மூன்று முறை முடி வெட்டவேயில்லை. கடைக்காரர் அவனை உட்கார வைத்து, மின்கருவியை அணைத்த நிலையில் கையில் கொடுத்து, திருப்பித் திருப்பிப் பார்க்கவிட்டு அனுப்பிவிட்டார். நான்காம் முறை அதை ஓட விட்டு அவன் உள்ளங்கையில் வைத்தார். கழுத்தில் போர்த்தும் நெகிழித் துணி அவனுக்கு ஆகாது என்பதால் வீட்டிலிருந்து பழைய பருத்தித் துண்டு கொண்டுபோகிறோம். காதோரம் வரும்போது "ஸ்டேசென் பெரிகுத்ஞா" என்று அவன் ஆரம்பித்தால், அவர் கையை எடுத்துவிட்டு, நிலையங்களின் பெயர்கள் முடியும் வரை காத்திருக்கிறார். சில நாள்களில் தடத்தின் ஒரு முனையான கோம்பாக்கிலிருந்து தொடங்கினால் வெகுநேரம் ஆகும். போன சனிக்கிழமை, வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் கைக்கடிகாரத்தை இரண்டாவது முறை பார்த்தபோது, கடைக்காரர் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, "தம்பி இன்னும் அம்பாங் பார்க் வரலீங்கய்யா, ஒரு தே குடிச்சிட்டு வந்துடுங்களேன்" என்றார். காத்திருந்தவர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போனார்.